ஆங்கில வினைச்சொற்களை வகை பிரித்து அறிவது எப்படி? புதிதாகக் கற்போருக்கு ஒரு வழிகாட்டி

ஆங்கில இலக்கணத்தைக் கற்கத் தொடங்குபவர் வினைச்சொல் என்னும் பகுதிக்கு வந்தவுடன் ஒரு நீண்ட பட்டியலைச் சந்திக்கிறார். முதன்மை வினை, துணைவினை, மோடல் வினை, இணைப்பு வினை, ஒழுங்கு வினை, ஒழுங்கிலா வினை, செயல் வினை, நிலை வினை எனப் பத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றைத் தவறின்றி ஒப்பிக்கத் தெரிந்தவர்கள்கூடச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதும்போது தடுமாறுவதைக் கற்பிக்கும் இடத்தில் இருந்து நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அந்தப் பட்டியல் ஒரே கேள்விக்கான விடை அன்று என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லாமல் விட்டதே இதற்குக் காரணம். வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகளை ஒன்றாகக் கொட்டி வைத்ததே அந்தப் பட்டியல்.

‘பிரேக்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். வாக்கியத்தில் அதன் பணி என்ன என்று கேட்டால் அது முதன்மை வினை. இறந்தகாலம் எப்படி அமைகிறது என்று கேட்டால் ஒழுங்கிலா வினை. செயப்படுபொருளை ஏற்குமா என்று கேட்டால் ஏற்றும் வரும், ஏற்காமலும் வரும். ஒரே சொல் ஒரே நேரத்தில் இத்தனை பெயர்களையும் தாங்கி நிற்கிறது. ஆகவே பெயர்களை விட்டுவிட்டுக் கேள்விகளைப் பிடித்துக்கொள்வதே சரியான தொடக்கம். இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவற்றைத் தமிழ் இலக்கணமும் கேட்டிருக்கிறது என்பதால், தமிழறிந்தவர் இங்கே வெறுங்கையோடு வரவில்லை.

முதற்படி: முற்றுவினையைக் கண்டுபிடித்தல்

வினை என்பது வேற்றுமை உருபை ஏற்காது, காலத்தோடு தோன்றும் என்பது தொல்காப்பியம் தரும் இலக்கணம். ஆங்கில வாக்கியத்திலும் இந்தச் சோதனை உதவுகிறது. வாக்கியத்தின் காலத்தை மாற்றிப் பாருங்கள்; எந்தச் சொல் உருமாறுகிறதோ அதுவே முற்றுவினை. ‘ஷி வான்ட்ஸ் டு சிங்’ என்பதை நேற்றைய செய்தியாக மாற்றினால் ‘ஷி வான்டட் டு சிங்’ என்றாகிறது. ‘வான்ட்’ மாறியது, ‘டு சிங்’ அசையவில்லை. எனவே ‘வான்ட்ஸ்’ முற்று. ‘டு சிங்’ நம்முடைய ‘பாட’ என்ற எச்சத்துக்கு நிகரானது.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டை முதல் நாளிலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். தமிழில் ‘அவர் ஆசிரியர்’ என்று சொன்னால் வாக்கியம் முடிந்துவிடுகிறது. பெயரே பயனிலையாக நிற்கிறது. ஆங்கிலத்தின் முழு வாக்கியத்துக்கு முற்றுவினை ஒன்று இருந்தே தீர வேண்டும். ‘ஷி டீச்சர்’ என்பது அங்கே வாக்கியமே ஆகாது. ‘ஷி இஸ் எ டீச்சர்’ என்றே சொல்ல வேண்டும். நாம் பேச்சில் ‘இஸ்’ஸையும் ‘ஆர்’ஐயும் விழுங்கிவிடுவதற்குக் கவனக்குறைவு காரணமன்று. நம் மொழியில் அந்த இடத்தில் சொல்லே இல்லை என்பதால் அது விடுபட்டது நமக்குத் தெரிவதில்லை. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்திலும் முற்றுவினை எது என்று விரல் வைத்துக் காட்டும் பழக்கம் இந்தக் குறையைப் போக்கிவிடும்.

இரண்டாம் படி: முதன்மை வினையும் துணைவினையும்

இந்தப் படியில் சற்று நீண்ட நேரம் நிற்பது நல்லது, ஏனெனில் தொடக்கத்தில் நேரும் பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. ஆங்கிலத்தின் துணைவினைகள் மிகச் சிலவே. ‘பி’, ‘ஹேவ்’, ‘டு’ (‘செய்’ என்னும் வினை; ‘டு சிங்’ என்பதில் வரும் ‘டு’ அன்று) என்ற மூன்றும் ஒரு குழு. இவை தனியே முதன்மை வினையாகவும் வரும். ‘கேன்’, ‘குட்’, ‘மே’, ‘மைட்’, ‘ஷல்’, ‘ஷுட்’, ‘வில்’, ‘வுட்’, ‘மஸ்ட்’ என்ற 9 சொற்களும் மற்றொரு குழு. இவையே மோடல் வினைகள். ‘பி’ என்ற ஒரு வினைக்கு மட்டும் பி, ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீயிங், பீன் என 8 வடிவங்கள் உண்டு. ஆங்கிலத்தில் வேறெந்த வினைக்கும் இத்தனை வடிவங்கள் இல்லை. ‘மஸ்ட்’டுக்கோ ஒரே வடிவம்தான்.

மோடல் வினைகளைப் புரிந்துகொள்ள நம்முடைய ‘முடியும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘என்னால் போக முடியும்’, ‘அவளால் போக முடியும்’, ‘அவர்களால் போக முடியும்’ என எழுவாய் யாராக இருந்தாலும் ‘முடியும்’ மாறுவதில்லை. அதற்கு முன்னுள்ள ‘போக’வும் மாறுவதில்லை. ‘கேன்’ என்பதும் அப்படியே. ‘ஷி கேன் கோ’ என்பதே சரி. ‘கேன்ஸ்’ என்று எஸ் சேர்ப்பதும், ‘கேன் கோஸ்’ என்பதும், ‘கேன் டு கோ’ என்று இடையில் ‘டு’வை நுழைப்பதும் பிழை.

அடுத்து ‘டு’, ‘டஸ்’, ‘டிட்’ என வரும் துணைவினை. எதிர்மறையாகவும் கேள்வியாகவும் வாக்கியத்தை மாற்றும்போது, வேறு துணைவினை இல்லையென்றால் இது வந்து நிற்கும். ‘ஐ டிட் நாட் வென்ட்’ என்ற பிழையை நான் திருத்தாத நாள் குறைவு. ‘டிட்’ வந்தால் வினையின் முதல் வடிவம் (‘கோ, வென்ட், கான்’ என்ற மூன்றில் ‘கோ’) வர வேண்டும் என்ற விதியை எத்தனை முறை சொன்னாலும் மறுநாள் ‘வென்ட்’ திரும்பி வந்துவிடும். ஒரு நாள் விதியைச் சொல்வதை நிறுத்திவிட்டு, ‘நான் போனேன்’ என்பதற்கு எதிர்மறை என்ன என்று அந்த மாணவரிடம் தமிழிலேயே கேட்டேன். ‘நான் போகவில்லை’ என்றார். ‘போனேன்’ எங்கே சென்றது என்று கேட்டேன். சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர், ‘போனேன்’ இல்லை, ‘போக’ தான் இருக்கிறது என்று தாமாகவே சொல்லி, ‘வென்ட்’டை அடித்துவிட்டுக் ‘கோ’ என்று எழுதினார். அதன்பின் அவர் அந்தப் பிழையைச் செய்து நான் பார்க்கவில்லை. ‘இல்லை’ வந்தவுடன் நம் வினை காலத்தை இறக்கி வைத்துவிட்டுப் ‘போக’ என்று நிற்பதைப் போலவே, ‘டிட்’ வந்தவுடன் ஆங்கில வினையும் காலத்தை அதனிடம் ஒப்படைத்துவிட்டுக் ‘கோ’ என்று நிற்கிறது.

ஒன்றுக்கு மேற்பட்ட துணைவினைகள் தொடர்ந்து வரும்போது புதியவர்கள் மிரண்டுவிடுகிறார்கள். மூன்று விதிகள் தெரிந்தால் போதும். மோடலுக்கும் துணைவினையான ‘டு’வுக்கும் அடுத்து வருவது வினையின் முதல் வடிவம், ‘ஹேவ்’ என்பதற்கு அடுத்து வருவது மூன்றாம் வடிவம், ‘பி’ என்பதற்கு அடுத்து வருவது, செயல் தொடர்வதைக் காட்டினால் ‘இங்’ வடிவம், செயப்பாட்டைக் காட்டினால் மூன்றாம் வடிவம். ‘ஷி மஸ்ட் ஹேவ் பீன் வெயிட்டிங்’ என்ற தொடரைப் பாருங்கள். ‘மஸ்ட்’ தனக்கு அடுத்த சொல்லை ‘ஹேவ்’ என முதல் வடிவில் நிறுத்துகிறது. ‘ஹேவ்’ தனக்கு அடுத்ததைப் ‘பீன்’ என மூன்றாம் வடிவில் நிறுத்துகிறது. ‘பீன்’ தனக்கு அடுத்ததை ‘வெயிட்டிங்’ ஆக்குகிறது. ஒவ்வொரு சொல்லும் தனக்கு அடுத்த ஒன்றை மட்டுமே கட்டுப்படுத்துகிறது.

இதையே தமிழில் சொன்னால் ‘காத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்’ என்று வரும். இந்த நீண்ட சொல்லைப் பிரித்து எழுதினால் காத்துக்கொண்டு, இருந்து, இருக்க, வேண்டும் என்ற நான்கு துண்டுகள் கிடைக்கின்றன. கடைசித் துண்டிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் படியுங்கள். ‘வேண்டும்’ என்பது மஸ்ட், ‘இருக்க’ என்பது ஹேவ், ‘இருந்து’ என்பது பீன், ‘காத்துக்கொண்டு’ என்பது வெயிட்டிங். துண்டுக்குத் துண்டு பொருந்துகிறது. வரிசை மட்டுமே தலைகீழாக இருக்கிறது. இதை முதன்முதலில் கவனித்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை. ஆங்கிலத் துணைவினைகளின் வரிசையில் ஐயம் எழும்போதெல்லாம் தமிழ்த் தொடரைச் சொல்லிப் பார்த்து, அதைக் கடைசியிலிருந்து அவிழ்த்து எழுதுங்கள்.

மூன்றாம் படி: செயப்படுபொருள் வேண்டுமா, வேண்டாமா?

செயப்படுபொருள் குன்றா வினை, செயப்படுபொருள் குன்றிய வினை என்று நாம் பள்ளியில் படித்த பிரிவுகள்தாம் ஆங்கிலத்தில் டிரான்சிட்டிவ், இன்டிரான்சிட்டிவ் எனப்படுகின்றன. கற்போருக்கான அகராதிகள் பலவற்றில் வினைச்சொல்லுக்கு அருகே டி, ஐ என்ற எழுத்துகள் சிறு அடையாளமாகக் காணப்படுவது இதைக் குறிப்பதற்கே. பொருளை மட்டும் பார்த்துவிட்டு அகராதியை மூடிவிடாமல் அந்த ஓர் எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அதனால் பல பிழைகள் தவிரும். காட்டாக, ‘டிஸ்கஸ்’ என்ற வினை செயப்படுபொருளை நேராக ஏற்கும். ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்ற நம் வழக்கை அப்படியே கொண்டுபோய் ‘டிஸ்கஸ்ட் அபவுட் இட்’ என்கிறோம். அந்த ‘அபவுட்’ அங்கே தேவையில்லை. ‘ஹாப்பன்’ என்பதோ செயப்படுபொருளை ஏற்காத வினை. செயப்படுபொருள் இல்லாத வினைக்குச் செயப்பாட்டு வடிவமும் கிடையாது என்பதால் ‘வாஸ் ஹாப்பன்ட்’ என்று எழுதவே முடியாது.

இரண்டு செயப்படுபொருள்களை ஏற்கும் வினைகளும் உண்டு. ‘ஷி கேவ் மீ எ புக்’ என்பதில் யாருக்கு, எதை என்ற இரண்டும் வினையை அடுத்து நேராக நிற்கின்றன. ஆனால் ‘எக்ஸ்ப்ளெய்ன்’ அவ்வாறு வராது. ‘எக்ஸ்ப்ளெய்ன்ட் மீ’ என்பது பிழை, ‘எக்ஸ்ப்ளெய்ன்ட் இட் டு மீ’ என்பதே முறை.

தமிழில் ‘உடைந்தது’ என்றால் தன்வினை, ‘உடைத்தான்’ என்றால் பிறவினை. வினையின் வடிவமே வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘பிரேக்’ என்ற ஒரே வினை இரண்டு பணிகளையும் செய்கிறது. ‘தி கிளாஸ் ப்ரோக்’ என்றால் கண்ணாடி உடைந்தது. ‘ஹி ப்ரோக் தி கிளாஸ்’ என்றால் அவன் கண்ணாடியை உடைத்தான். வினை மாறவில்லை, பெயர் நிற்கும் இடம் மட்டுமே மாறியது. ஆனால் நம்முடையதைப் போன்ற இணைகள் ஆங்கிலத்திலும் சில எஞ்சியிருக்கின்றன. எழு, எழுப்பு என்பது போல ‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’. விழு, வீழ்த்து என்பது போல ‘ஃபால்’, ‘ஃபெல்’. கிட, கிடத்து என்பது போல ‘லை’, ‘லே’. கடைசி இணையில் மட்டும் மிகுந்த கவனம் தேவை, ஏனெனில் ‘லை’ என்பதன் இறந்தகாலமும் ‘லே’ என்றே வருகிறது. கிடத்தினான் என்ற பொருளில் ‘லெய்ட்’ என்பதே இறந்தகாலம். இதில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் தவறுவதுண்டு.

நான்காம் படி: இணைப்பு வினைகள்

‘பி’ மட்டுமன்றிப் ‘பிகம்’, ‘சீம்’ என்பனவும், சில இடங்களில் ‘லுக்’, ‘ஃபீல்’, ‘ஸ்மெல்’, ‘டேஸ்ட்’, ‘சவுண்ட்’ போன்றனவும் எழுவாயை அதன் தன்மையோடு இணைக்கின்றன. இவற்றைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வினையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘இஸ்’ அல்லது ‘வாஸ்’ போட்டுப் பாருங்கள். ‘தி ஃப்ளவர் ஸ்மெல்ஸ் ஸ்வீட்’ என்பது ‘தி ஃப்ளவர் இஸ் ஸ்வீட்’ என்று பொருள் தருகிறது. ஆகவே இங்கே அது இணைப்பு வினை. ‘ஷி ஸ்மெல்ட் தி ஃப்ளவர்’ என்பதில் ‘வாஸ்’ போட்டால் அவளே பூ என்றாகிவிடும். ஆகவே இங்கே அது செயப்படுபொருளை ஏற்ற சாதாரண வினை. இணைப்பு வினையை அடுத்துப் பெயரடை வரும், வினையடை வராது. ‘ஸ்மெல்ஸ் ஸ்வீட்லி’ என்று எழுதக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஐந்தாம் படி: செயலா, நிலையா?

ஓடுதல், எழுதுதல், கட்டுதல் என்பன செயல்கள். தொடங்கி, நடந்து, முடிபவை. அறிதல், உடைமை, விருப்பம், நம்பிக்கை என்பன நிலைகள். ஆங்கிலத்தில் நிலையைக் குறிக்கும் வினைகள் பொதுவாக ‘இங்’ வடிவத்தில் தொடர்வினையாக வருவதில்லை. ‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்ற பிழைகள் இந்த விதியை அறியாததால் வருபவை.

நமக்கு இவை எந்த வினைகள் என்று அடையாளம் காண ஒரு குறுக்குவழி இருக்கிறது. தமிழில் எந்த வினைகளோடு ‘நான்’ என்பது ‘எனக்கு’ என்றோ ‘என்னிடம்’ என்றோ மாறி வருகிறதோ, அவற்றுக்கு ஈடான ஆங்கில வினைகள் பெரும்பாலும் நிலை வினைகளே. எனக்குத் தெரியும் என்பது ‘நோ’, எனக்குப் புரிகிறது என்பது ‘அண்டர்ஸ்டாண்ட்’, எனக்குப் பிடிக்கும் என்பது ‘லைக்’, எனக்கு வேண்டும் என்பது ‘வான்ட்’, என்னிடம் இருக்கிறது என்பது ‘ஹேவ்’. ‘புரிகிறது’, ‘இருக்கிறது’ என்ற நிகழ்கால வடிவங்களைப் பார்த்து ‘இங்’ சேர்க்கத் தோன்றும். அங்கேதான் கையைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். இது முற்றான விதி அன்று, ‘நம்புகிறேன்’ என்பது ‘நான்’ என்பதோடு வந்தாலும் அதற்கு ஈடான ‘பிலீவ்’ நிலை வினையே. ஆயினும் தொடக்கத்தில் இந்தக் குறுக்குவழி மிகவும் உதவும்.

சில வினைகள் பொருளுக்கேற்ப இரு பக்கமும் நிற்கும். ‘ஐ திங்க்’ என்றால் கருதுகிறேன், அது நிலை. ‘ஐ ஆம் திங்கிங்’ என்றால் யோசித்துக்கொண்டிருக்கிறேன், அது செயல். ‘ஹேவ்’ என்பதும் உடைமையைக் குறிக்காமல் குளித்தல், உண்ணுதல் போன்ற செயலைக் குறிக்கும்போது ‘ஹேவிங்’ என்று தாராளமாக வரும்.

ஆறாம் படி: ஒழுங்கு வினையும் ஒழுங்கிலா வினையும்

இதை விளக்குவதற்கு அதிகம் இல்லை. பழக வேண்டியதுதான் நிறைய இருக்கிறது. ஈ, டி என்ற எழுத்துகளைச் சேர்த்து இறந்தகாலம் அமைப்பவை ஒழுங்கு வினைகள். புதிதாக மொழியில் நுழையும் வினைகள், ‘கூகுள்’ என்பது ‘கூகுள்ட்’ ஆனது போல, இந்த வழியிலேயே செல்கின்றன. ஒலிப்பில் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘வான்ட்’, ‘நீட்’ போல டகர ஒலியில் முடிபவை மட்டுமே ‘வான்டட்’, ‘நீடட்’ என ஓரசை கூடி ஒலிக்கும். ‘வாக்’ என்பது ‘வாக்ட்’ என ஓரசையாகவே நிற்கும். ‘வாக்கெட்’ என நீட்டக் கூடாது.

ஒழுங்கிலா வினைகள் ஏறத்தாழ 200 என்று கொள்ளலாம். எண்ணிக்கை குறைவு என்றாலும் ‘பி’, ‘ஹேவ்’, ‘டு’, ‘சே’, ‘கோ’, ‘கெட்’, ‘மேக்’ என அன்றாடம் புழங்கும் வினைகள் எல்லாம் இவற்றுக்குள் அடங்கிவிடுகின்றன. அகர வரிசையில் மனப்பாடம் செய்வதைவிட ஒலி ஒற்றுமையால் குழுவாகப் பிரித்துப் படிப்பது மேல். ‘சிங், சாங், சங்’ என்பதோடு ‘ரிங், ராங், ரங்’. ‘டீச், டாட், டாட்’ என்பதோடு ‘கேட்ச், காட், காட்’. மூன்று வடிவமும் ஒன்றாகவே நிற்கும் ‘கட்’, ‘புட்’, ‘ஹிட்’ ஆகியவை ஒரு குழு. ‘ரீட்’ என்பது எழுத்தில் மாறாமல் ஒலிப்பில் மட்டும் ‘ரெட்’ ஆகிறது. ‘கோ’ என்பதன் இறந்தகாலமான ‘வென்ட்’ உண்மையில் ‘வெண்ட்’ என்ற வேறொரு பழைய வினையிலிருந்து வந்து சேர்ந்தது. இரண்டுக்கும் ஒலியில் எந்த உறவும் தெரியாததற்கு அதுவே காரணம்.

ஏழாம் படி: வினையை அடுத்து இன்னொரு வினை

ஒரு வினையை அடுத்து இன்னொன்று வரும்போது அது ‘டு சிங்’ என்பதைப் போல ‘டு’ சேர்ந்து வர வேண்டுமா, ‘இங்’ சேர்ந்து வர வேண்டுமா என்பதை முதல் வினையே முடிவு செய்கிறது. ‘வான்ட்’, ‘டிசைட்’, ‘ஹோப்’ என்பன ‘டு’வைக் கேட்கும், ‘என்ஜாய்’, ‘அவாய்ட்’, ‘ஃபினிஷ்’ என்பன ‘இங்’கைக் கேட்கும். ‘ஸ்டாப்’ இரண்டையும் ஏற்கும், ஆனால் பொருள் மாறிவிடும். ‘ஹி ஸ்டாப்ட் டாக்கிங்’ என்றால் அவர் பேசுவதை நிறுத்தினார். ‘ஹி ஸ்டாப்ட் டு டாக்’ என்றால் அவர் பேச நின்றார். தமிழிலும் முதலாவதில் ‘பேசுவதை’ என்ற தொழிற்பெயரும் இரண்டாவதில் ‘பேச’ என்ற எச்சமும் வந்திருப்பதைப் பாருங்கள்.

வினையோடு ‘அப்’, ‘ஆஃப்’, ‘ஆஃப்டர்’ போன்ற சிறு சொல் சேர்ந்து புதுப்பொருள் தரும் ஃப்ரேசல் வினைகளையும் இங்கேயே பார்த்துவிடலாம். ‘கைவிடு’ என்பதில் கையையும் விடுதலையும் தனித்தனியே தேடினால் பொருள் கிடைக்காது; ‘கிவ் அப்’ என்பதும் அப்படியே. இவற்றை ஒரே சொல்லாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ‘புட் ஆஃப்’ போன்றவற்றில் ‘இட்’ என்ற பிரதிப்பெயர் நடுவில் புகுந்து ‘புட் இட் ஆஃப்’ என்றே வரும். ‘லுக் ஆஃப்டர்’ போன்றவை பிரியாமல் ‘லுக் ஆஃப்டர் ஹெர்’ என்று வரும்.

பயிற்சி செய்யும் முறை

நாள்தோறும் நாளிதழில் இருந்தோ நீங்கள் படிக்கும் நூலில் இருந்தோ ஐந்து வாக்கியங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் முற்றுவினையின் கீழ்க் கோடிடுங்கள். துணைவினைகள் இருந்தால், ஒவ்வொன்றும் தனக்கு அடுத்த சொல்லை எந்த வடிவில் நிறுத்தியிருக்கிறது என்று எழுதுங்கள். பின்னர் முதன்மை வினையிடம் செயப்படுபொருள் வேண்டுமா என்றும், அது செயலா நிலையா என்றும் கேளுங்கள். பத்து வாக்கியங்களை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட இரண்டு வாக்கியங்களை இப்படி முழுமையாகப் பிரிப்பது பயன் தரும்.

முதல் வாக்கியமாக ‘தி லெட்டர் ஷுட் ஹேவ் பீன் சென்ட்’ என்பதை எடுத்துக்கொள்ளலாம். ‘ஷுட்’ என்ற மோடலை அடுத்து முதல் வடிவமாக ‘ஹேவ்’, அதை அடுத்து மூன்றாம் வடிவமாகப் ‘பீன்’, இது செயப்பாட்டு வினை என்பதால் மீண்டும் மூன்றாம் வடிவமாக ‘சென்ட்’. இனி ‘கடிதம் அனுப்பப்பட்டிருக்க வேண்டும்’ என்று ஒரு தாளில் எழுதி, அனுப்ப, பட்டு, இருக்க, வேண்டும் எனப் பிரித்து, கடைசித் துண்டிலிருந்து ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய ஆங்கிலச் சொல்லை எழுதிப் பாருங்கள்.